கடல் கடந்த வைத்தியப் பயிற்சி

கல்முனையிலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் மருதமுனை. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக ஊர்கள் தொடர்ந்து செல்கின்றன. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இந்த நீண்ட கரையில் வாழும் முஸ்லிம் மக்களிடையே பழைய வழக்கம் ஒன்றுண்டு. வீடு மகளுக்குரியது. பெண்பிள்ளை பிறந்துவிட்டால் வாப்பா வளவு ஒன்று தேடத் தொடங்குவார். காக்காமார் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டி முடித்த பின்னரே தம் திருமணத்தைப் பற்றி நினைப்பர். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடிபுகுவான்.

அப்படி ஒரு மகளுக்கென வாங்கி வைத்த வளவு இப்போது விற்கப்படுகிறது. அவளை வைத்தியப் படிப்புக்குப் பிறநாடு அனுப்புவதற்கே அந்தப் பணம். உயர்தரப் பரீட்சையில் அவள் நல்ல பெறுபேறு பெற்றவள்தான். ஆயினும், இலங்கைப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களுக்கு நுழையும் தகுதியை 2001ஆம் ஆண்டு முதல் முடிவு செய்துவரும் இசட் புள்ளியில் ஒரு சிறு பின்னம் அவளுக்குக் குறைந்துவிட்டது. தசமத்துக்குப் பின் வரும் அந்த இலக்கம் ஒரு குடும்பத்தின் நிலத்தையே அசைத்துவிடுகிறது. இவ்வாறு வங்காள தேசத்துக்கும், சீனாவுக்கும், ருஷ்யாவுக்கும், நேபாளத்துக்கும் செல்லும் இளைஞர்கள் இக்கரையில் ஒருவர் இருவர் அல்லர். அவர்களுள் டாக்கா நகருக்குச் செல்லும் ஒரு மாணவியை மட்டும் இங்கே நாம் பின்தொடர்ந்து செல்வோம். அவளுக்குப் பெயர் வேண்டியதில்லை. அவளைப் போன்றவர்களை நேயர்கள் தத்தம் ஊரிலேயே அறிந்திருப்பர்.

வங்காள தேசத்தில் மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டு. அதன்மேல் வைத்தியசாலையில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறும். புத்தகமும் ஆங்கிலம், பரீட்சையும் ஆங்கிலம். ஆகவே முதற் காலத்தில் மொழி ஒரு பெரிய தடையாகத் தோன்றுவதில்லை. கடைக்காரனிடம் அரிசி வாங்கவும், ரிக்ஷாக்காரரிடம் கூலி பேசவும் நூறு சொல் போதும். நோயாளரின் கட்டிலருகே போய் நிற்கும் நாளிலேதான் அந்த நூறு சொல்லின் வறுமை தெரியவருகிறது.

முதல் நாள் காலை. விடுதியில் கட்டில்கள் நிறைந்துவிட்டன. கட்டில்களுக்கிடையே தரையிலும் பாய் விரித்து நோயாளர் படுத்திருக்கின்றனர். ஒவ்வொருவரைச் சுற்றியும் இரண்டு மூன்று உறவினர். பயிற்சி வைத்தியருக்கு விதிக்கப்பட்ட வேலைகள் சிறியவை, ஆனால் முடிவில்லாதவை. இரத்தம் எடுக்க வேண்டும். நாளத்தில் ஊசி ஏற்றிச் சேலைன் தொடுக்க வேண்டும். நாடியும் குருதி அமுக்கமும் குறிக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்கு ஓட வேண்டும். பெரிய வைத்தியர் சுற்றிவரும்போது, இன்னாருக்கு இன்ன நோய், இத்தனை நாளாக, இன்னவாறு தொடங்கியது என்று தயங்காமல் சொல்ல வேண்டும். இவற்றுள் கடைசி வேலைதான் அவளைத் திணறடிப்பது. நோயின் கதையை நோயாளர்தாம் சொல்ல வேண்டும். அவர் சொல்வது விளங்கவில்லையே!

கல்முனைக் கரையின் பேச்சுத் தமிழில் நோவு ஒன்றாக இருப்பதில்லை. குத்துவது வேறு, உளைவது வேறு, கடுப்பது வேறு, எரிவது வேறு, இழுப்பது வேறு. “வயிறு கடுக்குது” என்று ஒரு மூதாட்டி சொன்னால் பாதி நோய் தெரிந்துவிடும். “கையெல்லாம் உளையுது” என்றால் வேறொரு திசையில் எண்ணம் செல்லும். இந்தப் பேதங்களையெல்லாம் எவரும் அவளுக்குக் கற்பித்ததில்லை. உம்மாவின் மடியிலே கிடந்து கேட்டவை. டாக்காவில் அவள் கையிலிருப்பதோ ‘பேத்தா’ என்ற ஒரே சொல். அது வலி என்பதற்குரிய பொதுச் சொல். “கோத்தாய் பேத்தா?” வலி எங்கே? நோயாளர் கையால் நெஞ்சைக் காட்டுகிறார். அதற்குமேல் அவர் சொல்லும் நீண்ட வாக்கியம் காற்றிலே போய்விடுகிறது. நெஞ்சிலே வலி என்றால் இருதயமாகவும் இருக்கலாம், இரைப்பையாகவும் இருக்கலாம், விலா எலும்பாகவும் இருக்கலாம்.

தவறுகளும் நேரும். வங்காள மொழியில் முன்னிலைச் சொல் மூன்று: ‘ஆப்னி’ மரியாதைக்கு, ‘துமி’ உரிமைக்கு, ‘துயி’ மிக நெருக்கத்துக்கோ அல்லது இழிவுக்கோ. மாணவி மொழியைக் கற்றது விடுதித் தோழியரிடம். அவர்கள் ஒருவரையொருவர் ‘துமி’ என்றே அழைப்பர். அதே சொல்லை அவள் தாடி நரைத்த ஒரு முதியவரிடம் சொல்லிவிடுகிறாள். தமிழில் வாப்பாவின் வயதுள்ள ஒருவரை ‘நீ’ என்று சொன்னதற்கு ஒப்பான குற்றம் அது. முதியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் தாதி மெல்லிய குரலில் திருத்துகிறாள். அன்று இரவு மாணவிக்கு உறக்கம் வராதிருப்பது வியப்பன்று.

ஆனால் அந்த மொழிக்குள்ளே நுழைவதற்கு அவளுக்கு ஒரு சிறு வாயில் இருந்தது. தந்தையின் இளைய சகோதரரை வங்காள முஸ்லிம்கள் ‘சாச்சா’ என்று அழைப்பர். அந்தச் சொல் கல்முனையிலும் உண்டு. முதியவரைச் ‘சாச்சா’ என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கினால் அவர் முகம் இளகுகிறது. காய்ச்சலுக்கு வங்காளத்தில் ‘ஜொர்’ என்று பெயர். பழந்தமிழ் வாகடங்களில் வரும் ‘சுரம்’ அதற்கு உறவு. இருமலுக்குக் ‘காஷி’, நம்முடைய ‘காசம்’ அதன் உடன்பிறப்பு. வடமொழி வழியாக இரு மொழிகளுக்கும் வந்து சேர்ந்த சொற்கள் இவை. இரவுப் பணியில் ஓய்வு கிடைக்கும் வேளையில் இத்தகைய சொற்களை ஒரு சிறு கொப்பியில் அவள் தமிழெழுத்தில் குறித்துக்கொள்கிறாள். நாற்பது நாளில் அந்தக் கொப்பி நிரம்பிவிடும். பின்னர், சிலேட் வட்டாரத்து நோயாளர் ஒருவர் வருவார். சிட்டகொங்கிலிருந்து மற்றொருவர் வருவார். அவர்கள் பேச்சு நகரத்துப் பேச்சாக இராது. புதுக் கொப்பி தொடங்க வேண்டியதுதான்.

டாக்கா மருத்துவக் கல்லூரி 1946இல் தொடங்கப்பட்டது. அதன் அருகே நிற்கும் சஹீத் மினார் என்னும் நினைவுச்சின்னத்தைக் காணாமல் அப்பக்கம் செல்ல முடியாது. 1952 பெப்ரவரி 21ஆம் நாள், தாய்மொழிக்கு அரச மொழி உரிமை வேண்டிக் கூடியவர்கள்மீது அம்மருத்துவக் கல்லூரியின் மாணவர் விடுதிப் பக்கத்திலேதான் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இரண்டு நாள் கழித்து, மருத்துவ மாணவர்களே முன்னின்று ஓரிரவில் அங்கே முதல் நினைவுத்தூணை எழுப்பினர். சில நாளில் பொலிசார் அதை இடித்தனர். பின்னர் எழுந்ததே இன்றைய மினார். அந்த நாளையே யுனெஸ்கோ 1999இல் அனைத்துலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. மொழிக்காக உயிர்துறந்தோர் நினைவிடத்தின் நிழலிலே, நோயாளரின் மொழி தெரியாமல் ஒரு மாணவி திகைத்து நிற்பதில் வேடிக்கையும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது.

அந்நகரில் மொகாக்காலி என்ற பகுதியிலே வயிற்றோட்ட நோய்க்கெனத் தனி வைத்தியசாலை ஒன்றுண்டு. 1960இல் வாந்திபேதி ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கப்பட்ட நிலையம் அதனை நடத்துகிறது. அங்கே போய்ப் பார்க்கும் மருத்துவ மாணவர் முதலில் வியப்பது கட்டிலைக் கண்டு. கட்டிலின் நடுவே வட்டமாக ஒரு துளை. கீழே ஒரு வாளி. அருவருப்பாகத் தோன்றலாம், ஆயினும் அந்த வாளியே அங்குள்ள மிகச் சிறந்த கருவி. நோயாளர் உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்று வாளி சொல்லும். அவ்வளவு நீரும் உப்பும் திரும்ப உட்செல்ல வேண்டும். கடுமையான வாந்திபேதியில் மணிக்கு ஒரு லீற்றர் வரை நீர் போய்விடுவதுண்டு. வரண்ட குழந்தையின் கையில் நாளமே தென்படாது. ஊசி ஏற்ற முனைந்து, முனைந்து, பயிற்சி வைத்தியரின் விரல்கள் நடுங்கும்.

ஊசி எல்லோருக்கும் வேண்டுவதில்லை என்று உலகுக்குக் காட்டியதும் இந்த நகரமே. சர்க்கரையும் உப்பும் அளவாகக் கலந்த நீரை வாயால் பருகினால், சர்க்கரையானது உப்பையும் நீரையும் குடற்சுவர் வழியாக உடன் இழுத்துச் செல்லும். டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்னும் இரண்டு இளம் அமெரிக்க வைத்தியர்கள் 1968இல் டாக்கா ஆராய்ச்சிக் கூடத்தின் சார்பில் வாந்திபேதி நோயாளரிடம் இதனை நிறுவினர். 1971இல் போருக்கு அஞ்சி எல்லை கடந்த அகதிகள் நிறைந்திருந்த பொங்கான் முகாமில் கல்கத்தா வைத்தியர் திலீப் மகலநபீஸ், சேலைன் தீர்ந்துபோன நிலையில், இந்தக் கரைசலைக் கலந்து உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். அதுவரை அம்முகாமில் நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு, கரைசல் பெற்றோரிடையே நாலுக்குள் இறங்கியது.

பின்னர் 1980க்கும் 1990க்கும் இடையில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மாருக்குக் கற்பித்தனர். ஒரு கோடி இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள்! ஊழியரின் ஊதியம், அவர் எத்தனை வீடு ஏறினார் என்பதைப் பொறுத்ததன்று. சில நாள் கழித்துத் தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றனர் என்று பரிசோதித்து, அதற்கேற்பவே கொடுக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களிலும் இம்முறை வந்தால் ஆசிரியர் பலர் வருந்துவர் என்பது வேறு விஷயம். இலங்கையில் ‘ஜீவனி’ என்ற பொட்டலமாக நமக்கு அறிமுகமானதும் இதே மருந்தே.

மற்றொரு பாடம் பணத்தைப் பற்றியது. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றி மருத்துவம் பெற்று வளர்ந்தவள் அவள். டாக்காவில் எழுதும் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் உறவினர் வெளிக்கடைக்கு எடுத்துச் செல்ல நேர்வதுண்டு. “இது எவ்வளவு ஆகும், ஆப்பா?” என்று ஒரு தந்தை கேட்கிறார். ‘ஆப்பா’ என்றால் அக்கா, இக்கரையில் ராத்தா. இரண்டு மருந்துகளில் எது மலிவு என்று அறிவதும் வைத்தியம் என அவள் கற்கிறாள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கை வைத்தியசாலைகளிலும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. உறவினர் சீட்டோடு கடைகடையாக அலைந்தனர். டாக்காவில் பழகியவர்களுக்கு அக்காட்சி புதியதன்று.

மொழியறியாத வைத்தியரை இக்கரை முன்பே கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அதன்பின் பல நாடுகளிலிருந்து மருத்துவக் குழுக்கள் வந்தன. நோயாளர் தமிழில் அழுதனர்; வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அன்று நாலைந்து வயதுக் குழந்தைகளாக இருந்தவர்களே இன்று வைத்தியர்களாகியிருக்கும் தலைமுறையினர். இன்னும் பின்னே சென்றால் சாமுவேல் கிறீன் நினைவுக்கு வருகிறார். 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்த அந்த இளம் அமெரிக்க வைத்தியர் மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்தார். நோயாளரின் தமிழைக் கற்றார். பின்னர் தம் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் இரசாயனத்தையும் தமிழ் நூல்களாக்கினார். இளவயதில் வந்திறங்கிய அவரும் முதல் நாட்களில் யாரோ ஒரு மூதாட்டியின் முன்னே சொல் தெரியாமல் விழித்திருக்கத்தானே வேண்டும்?

ஓராண்டு முடிந்து மாணவி ஊர் திரும்புகிறாள். வளவு விற்ற கதை இன்னும் முடியவில்லை. பிறநாட்டில் பட்டம் பெற்றவர் இலங்கையில் தொழில் செய்ய வேண்டுமாயின், இலங்கை மருத்துவச் சபையின் தனிப் பரீட்சை ஒன்றிலே தேற வேண்டும். சிலர் முதல் தடவையிலேயே தேறுவர். சிலர் பல தடவை எழுதுவர். அந்தக் காலத்தில் வாப்பா ஒன்றும் கேட்பதில்லை. அயலார்தாம், “மகள் எப்ப வாட்டுக்குப் போறா?” என்று கேட்பர். தேறிய பின்னரும் நியமனத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதன்பின் மீண்டும் உள்ளகப் பயிற்சி. ஆறு ஆறு மாதமாக இரு துறைகளில், முழுதாக ஓராண்டு. டாக்காவில் செய்ததையே திரும்பச் செய்வதா என்று சலிப்பவர் உண்டு. நோயும் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அந்த ஓராண்டு வீணன்று என்பாரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நியமனக் கடிதம் வருகிறது. கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருந்தும் அவளுக்குக் கிடைத்தது அம்பாறை நகரம். பஸ்ஸில் அதிக தூரமில்லை. வயல்களைக் கடந்து மேற்கே சென்றால் போதும். ஆனால் அங்கே விடுதியில் இருப்போருள் பெரும்பாலோர் பேசுவது சிங்களம். முதல் நாள், வயல் வேலை செய்து கறுத்த ஒரு முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “கொஹெத ரிதென்னே?” என்று அவள் கேட்கிறாள். வலி எங்கே? அவர் தலையை அசைத்து, வலியில்லை, ‘கெஸ்ஸ’ என்கிறார். காசம், காஷி, கெஸ்ஸ. அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்துப் புதிய பக்கம் ஒன்றைத் திருப்புகிறாள்.