அளவுகோலும் பிள்ளைகளின் மனமும்
(இடையஞ்சாவடியில் ஆற்றிய உரை)



மதிப்பெண், உதவித்தொகை, விடுதி ஆகியவை குறித்துப் பலரும் பேசினர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கடினமானது. வேதனை தாளாமல் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை எவ்வாறு கண்டறிவது என்பதே அது.

இது நகரத்து நோய் என்று எண்ணிவிட வேண்டா. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் ஏறத்தாழ 1,08,000 மக்களிடையே 1992 முதல் 2001 வரை நேர்ந்த இறப்புகளை ஊர்தோறும் விசாரித்தறிந்து, 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஆண்டுக்கு இலட்சம் பெண்களில் 148 பேரும், இலட்சம் ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் மாண்டிருந்தனர். இவர்கள் சிற்றூர்ப் பிள்ளைகள்.

தம்மைக் காயப்படுத்திக்கொள்வோர் எல்லாரும் சாக விரும்புவோர் அல்லர். ஆயினும் பின்னாளில் அந்த ஆபத்து அவர்களுக்கு மிகுதி. இவர்களை அறியும்பொருட்டுக் கிளான்ஸ்கி, கிளென் என்னும் அறிஞர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் ஒரு வினாநிரலைச் சோதித்து 2009இல் வெளியிட்டனர். அது பதின்மூன்று காரணங்களை வினவுகிறது. பாரசீகம் பேசும் வளரிளம் பருவத்தினரிடமும் இத்தகைய வினாநிரல்கள் சோதிக்கப்பட்டுள்ளன. பிறமொழி வினாநிரலைப் பெயர்த்தால் மட்டும் போதாது. மூலத்தைக் காணாத ஒருவர் அதை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்க்க வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே பிள்ளையிடம் மறுபடி கேட்க வேண்டும். மருத்துவர் நேரில் கண்டதோடும் ஒப்பிட வேண்டும்.

இவை நூலறிவால் முடியும். நம் கரையில்தான் சிக்கல் தொடங்குகிறது. ‘உன் உடலில் காயம் உண்டா?’ என்று மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் பையனைக் கேட்டால் என்ன சொல்வான்? அவன் பாதங்களில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதே இல்லை. ‘நீயே உண்டாக்கிக்கொண்டதா?’ என்று கேட்டால், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு அலகு குத்தியதையும் தீமிதித்ததையும் சொல்லக்கூடும். ‘வெறுமையாக உணர்கிறாயா?’ என்பதைப் பசி என்று கொள்வாரும் உளர். நம் பெண்கள் நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மனச்சோர்வு என்ற சொல் அவர்கள் வாயில் வராது. ஆகவே ‘ஆம்’ என்ற விடைகளை எண்ணிக் கூட்டுமுன், வினாவைப் பிள்ளைகள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு சோதிக்காத வினாநிரல் நம் பிள்ளைகளில் நோயில்லாதவனை நோயாளியாக்கும், வேதனைப்படுகிறவளை விட்டுவிடும்.

வினவுகிறவர் யார் என்பதும் சிறிய செய்தி அன்று. சேரிப் பிள்ளை என்றவுடன் முகம் சுளிக்கும் ஆசிரியர் கையில் தாளைக் கொடுத்தால் எந்தப் பிள்ளை உண்மை எழுதும்? தற்கொலைக்கு முயன்றால் காவல் நிலையம் இழுப்பார்கள் என்ற அச்சம் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்து 115ஆம் பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொண்டு தண்டனையை விலக்குகிறது. அவர்க்குப் பராமரிப்பு அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. இதை வீடுதோறும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் வற்புறுத்துவேன். உதவிக்கு வழி வைக்காமல் வினவுதல் தகாது. நம் மாலைப் பள்ளிக்கு யாரேனும் வினாநிரல் கொண்டுவந்தால், விடை எழுதிய பிள்ளையை அன்றைக்கே யார் பார்ப்பார், எங்கே அழைத்துச் செல்வார் என்று முதலில் கேளுங்கள். 2022 முதல் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அந்த எண்ணைப் பள்ளிச் சுவரில் இன்றே எழுதிவிடலாம்.