வியாழனைச் சூழ்ந்த வளி



அடுப்புத் தீயில் உப்புச் சிதறினால் மஞ்சள் நிறச் சுடர் எழுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். உப்பிலுள்ள சோடியம் என்னும் தனிமத்தின் ஒளி அது.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்றொரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் அறிஞர்கள், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அதே மஞ்சள் நிற லேசர் ஒளியை இரவு வானிற் செலுத்தி ஆராய்ந்தனர். ஏறத்தாழ 80 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாகப் பரவியுள்ள சோடியம் அணுக்களை அளந்தனர். எரிகற்கள் காற்றில் வெந்து உதிர்த்த அணுக்கள் அவை.

வியாழனின் துணைக்கோளாகிய அயோவிடமும் இவ்வொளி உண்டென்பதை 1974-ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்னும் வானியலார் வெளியிட்டார். அதன் மூலம் யாது? 1979-இல் அயோவை அணுகிய வாயேஜர் 1 கலம், அங்கே எரிமலைகள் குமுறுவதைக் காட்டிற்று. அவை கக்கும் பொருளில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு டன் அயோவை விட்டு நீங்குகிறது. அதிற் பெரும்பகுதி கந்தகமும் ஆக்சிஜனுமே. சோடியம் சிறிதளவே, ஆயினும் ஒளி வீசுவதில் வல்லதாதலின் அது முதலிற் கண்ணுக்குப் புலனாயிற்று.

வியாழன் பத்து மணி நேரத்திற்குள் தன்னைத் தானே சுற்றிவிடுகிறது. அதன் காந்தப் புலமும் உடன் சுழல்கிறது. எலெக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெற்ற அணு அப்புலத்திற் சிறைப்படும். மின்னேற்றமற்ற அணுவைக் காந்தம் பற்றுவதில்லை. விரைந்தோடும் மின்னேற்ற அணு, வழியிலுள்ள நடுநிலை அணுவிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கவர்ந்துகொள்வதுண்டு. அக்கணமே அதன் தளை அறுகிறது. கவணினின்று விடுபட்ட கல்லெனத் தான் சென்ற திசையில் நேரே பாய்கிறது.

சனியை நோக்கிச் சென்ற காசினி கலம், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வியாழனைக் கடந்தபோது, இவ்வாறு தப்பிய அணுக்களைப் பதிவு செய்தது. அவை வந்த திசையைக் கொண்டு, யூரோப்பா என்னும் பனிக்கோளின் பாதையை ஒட்டி நடுநிலை வளி வளையமாகச் சூழ்ந்திருத்தலை அறிஞர்கள் உய்த்துணர்ந்து 2003-இல் வெளியிட்டனர். விரைந்த துகள்கள் தாக்குவதால் யூரோப்பாவின் பனி சிதைந்து பிறந்த வளி அது.

இதனால் நமக்கென்ன என்று சிலர் வினவலாம். யூரோப்பாவின் பனிக்கு அடியில் கடல் உண்டென்பதற்குச் சான்றுகள் பல உள. துகள்களின் தாக்குதலால் மேற்பனியில் உண்டாகும் ஆக்சிஜன் அக்கடலைச் சேருமாயின், உயிர் வாழ்வதற்குத் துணையாகலாம். ஆனால் அத்துகள்களே நம் கருவிகளைக் கெடுப்பனவும் ஆகும். ஆதலின், 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் கலம், தன் மின்னணுக் கருவிகளைத் தடித்த உலோகப் பெட்டகத்துள் வைத்துச் செல்கிறது. 2030-இல் அது வியாழனை அடையுமென எதிர்பார்க்கின்றனர்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாம் ஏவும் கோள்களும், புவியின் காந்தப் புலத்திற் சிக்கிய துகள்களுக்கு ஈடுகொடுத்தே பணி புரிகின்றன. ஆதலின் வியாழனிடம் கற்கும் பாடம் நமக்கும் உரியதே.