தூக்குக் கயிறு கொலையைத் தடுக்குமா?



"ஒருவனைத் தூக்கில் போட்டால்தான் மற்றவன் கொலை செய்யப் பயப்படுவான்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. இதற்கு ருஜு என்னவென்று கேட்டால், வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருவதே ருஜு என்கிறார்கள். நரகத்திற்கும் புராணக்காரர்கள் இந்த ருஜுவைத்தானே காட்டினார்கள்? எண்ணெய்க் கொப்பரையைக் காட்டி இவ்வளவு காலம் பயமுறுத்தியும் திருட்டு நின்றதா? பொய் நின்றதா?

இங்கிலாந்தில் 1800-வாக்கில் 200-க்கு மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. 1808 வரை ஜேப்படித் திருட்டுக்கும் தூக்குதான். ஊரறியத் தூக்கிலிட்டார்கள். அதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலேயே ஜேப்படியும் நடந்தது!

கானடாவில் கொலைக்குத் தூக்கு 1976-ல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்திய வருஷம் லட்சம் பேருக்குச் சுமார் 3 கொலை வீதம் நடந்தது. 1999-ல் அது 2-க்கும் கீழே இறங்கிவிட்டது. தூக்கை எடுத்ததனாலேயே குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்தால் கொலை பெருகிவிடும் என்கிற வாதம் பொய்த்துப் போயிற்று என்பதுதான் நான் சொல்வது.

காரணம் என்ன? ஆத்திரத்திலும் குடிவெறியிலும் வெட்டுகிறவன் தண்டனையை நினைப்பதேயில்லை. திட்டம் போட்டு வெட்டுகிறவனோ அகப்படமாட்டோம் என்று நம்பியே வெட்டுகிறான். இவ்விருவருக்கும் தூக்கும் ஒன்றுதான், ஆயுள் தண்டனையும் ஒன்றுதான். ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு அதிகமாகக் குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று நமது சட்டக் கமிஷனே 2015-ல் தனது 262-வது அறிக்கையில் சொல்லிற்று. பயங்கரவாதமும் யுத்தம் தொடுத்தலும் நீங்கலாக மற்றக் குற்றங்களுக்குத் தூக்கை எடுத்துவிடும்படியும் சிபார்சு செய்தது. எடுத்தார்களா? 2023-ல் இயற்றிய புதிய சட்டத்திலும் கயிற்றை வைத்துக்கொண்டார்கள்.

சரி, கயிறு யார் கழுத்தில் விழுகின்றது? மனுதர்மத்தின் எட்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள். மற்ற ஜாதியாருக்கு உயிர்போகும் தண்டனை விதிக்கும் இடத்தில், பார்ப்பானுக்குத் தலைமயிரைச் சிரைப்பதே போதுமென்று எழுதியிருக்கிறது! இன்றையச் சட்டத்தில் அந்த வித்தியாசம் இல்லைதான். ஆனால், மரண தண்டனைக் கைதிகளில் சுமார் முக்கால் பங்கினர் ஏழைகள் என்று டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தார் 2016-ல் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். பணமுள்ளவனுக்கு நல்ல வக்கீல் கிடைக்கிறார். இல்லாதவனுக்கு என்ன கிடைக்கும்?

கொலைகாரனை அவிழ்த்து விடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சிறையில் வையுங்கள் என்கிறோம். தீர்ப்புத் தவறென்று பின்னால் தெரிந்தால் சிறைக் கதவைத் திறந்துவிடலாம். போன உயிரை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்? ஆகவே தோழர்களே, கடவுளுக்கு ருஜு கேட்கிற நீங்கள் இந்தக் கயிற்றுக்கும் ருஜு கேளுங்கள்.