முடங்கிய கணினியும் மீட்பு வட்டும்



லினக்ஸ் கணினியொன்று கருந்திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்னும் இரு சொற்களோடு நின்றுவிட்டால், வன்தட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுவோர் பலர். கணினி பிழைத்துக்கொள்ளும், அதனுள் இருந்த வினாத்தாள்களும் பள்ளி ஆண்டு மலரும் பிழைப்பதில்லை. அவ்விரு சொற்கள் உணர்த்துவதோ சிறிய செய்தி. கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருள். அது கிரப் என்னும் துவக்கியை எழுப்பும். (துவக்கு என்றால் இலங்கைத் தமிழில் துப்பாக்கி, ஆகவே ‘தொடக்கி’ என்பாரோடு எனக்கு வழக்கில்லை.) கிரப், கருவகத்தை நினைவகத்தில் ஏற்றும், கருவகம் கோப்புகளைத் திறக்கும். இச்சங்கிலியில் கிரப் தனக்கு வேண்டிய கோப்புகளைக் காணாது நிற்கிறது. உங்கள் ஆவணங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவற்றை எட்டும் வழியே மீட்பு வட்டு. ஜெர்மானியரான கிளவுஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் இம்முறையைப் பரவலாக்கியது. இயங்குதளம் முழுவதும் குறுந்தட்டிலிருந்தே ஓடும். நாம் பணிக்காதவரை வன்தட்டில் எதையும் எழுதாது. இன்று பென்டிரைவ் போதும். உபுண்டுவின் நிறுவல் வட்டும் இப்பணியைச் செய்யும்.

வட்டிலிருந்து கணினி எழுந்ததும் பழுதுபார்க்க விரையாதீர்கள். ஆவணங்களை வேறொரு தட்டுக்குப் படியெடுப்பதே முதல் வேலை. வன்தட்டே நலிந்திருந்தால் ‘டிடி ரெஸ்கியூ’ கொண்டு தட்டு முழுவதையும் படியெடுக்க வேண்டும். கோப்பு முறைமையைச் செப்பனிடும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை, அப்பகுதி ஏற்றப்படாத நிலையில்தான் ஏவ வேண்டும். ஏற்றிய நிலையில் ஏவினால் உள்ளதும் கெடும்.

பிறகு பழைய இயங்குதளம் உள்ள பகுதியை ‘மவுண்ட்’ கட்டளையால் ஏற்றி, டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்று அடைவுகளையும் அதனோடு பிணைத்து, ‘சிஎச்ரூட்’ என்று பணிக்கிறோம். இதை ‘வேர்மாற்றம்’ எனலாம். கணினித் தமிழில் இவ்வளவு பொருந்தும் சொல் அரிது. வட்டிலிருந்து முளைத்த கணினி இப்போது பழைய மண்ணில் வேரூன்றிவிடுகிறது. அங்கிருந்து கிரப்பை மறுபடி நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பித்தால் வேலை முடிந்தது. புதிய கணினியாயின் ‘இஎஃப்ஐ’ பகுதியையும் அதனிடத்தில் ஏற்ற மறவாதீர்.

நமக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. மீட்பு வட்டில் தமிழ் எழுத்துரு இல்லையெனில் கோப்புப் பெயர்கள் கட்டங் கட்டமாகத் தெரியும். கெட்டுவிட்டன என்றெண்ணி அழித்துவிடாதீர்கள். பெயர்கள் உள்ளே நலமாகவே உள்ளன. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் நம்மிடையே பல குறியாக்கங்கள் புழங்கின. அக்காலத்து ஆவணங்களைத் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளே தோன்றும். அவற்றையும் படியெடுங்கள், அந்தக் கணினியிலிருந்த எழுத்துருக் கோப்பையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குறியாக்கம் என்று அதைக் கொண்டு கண்டபின், மாற்றி ஒன்றால் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம்.