தூர இருந்தும் ஒரே தாளம்

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாம் ஒருபுறம், பட்டணத்தில் வேலை பார்த்த பிள்ளைகள் மறுபுறம் எனப் பிரிந்திருந்தோம்.

அந்நாளில்தான் ஏ. ஆர். ரஹ்மான் ஓர் இந்திப் பாட்டுக்கு இசையமைத்தார். 'நாம் தோல்வியை ஏற்க மாட்டோம்' என்பது அதன் பொருள். சித் ஸ்ரீராம், சுருதி ஹாசன் முதலியோர் அவரவர் வீட்டிலிருந்தே பாடினர். சிவமணி தாளம் கொடுத்தார். தனித்தனியே பதிந்தவை ஒன்றாகச் சேர்ந்து, மே 1-ல் பாட்டு வெளிவந்தது.

நம் பெற்றோரும் ஆளுக்கொரு நிரையில் தனியாகத்தானே பால்மரம் சீவினார்கள்? பால் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

பாட்டிமார் பாடும் தாலாட்டும் கும்மியும் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது. அவற்றைக் கைத்தொலைபேசியில் பதிந்து வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புவோம். அடுத்த அடியை அவர்கள் பாடி அனுப்பட்டும்.