புயற்காலமும் பூட்டும்



ஐப்பசி பிறக்குமுன் வீட்டு ஓட்டைப் பிரித்து மாற்றுகிறோம். தெருக் கால்வாயில் அடைத்த மண்ணை எடுக்கச் சொல்லி மாநகராட்சியாரிடம் முறையிடுகிறோம். ஆனால் கதவில் தொங்கும் பூட்டை எடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. பூட்டு திருடனுக்காக மாட்டியது, மழைக்கும் அதற்கும் என்ன உறவு என்று நாம் எண்ணுகிறோம். உறவு உண்டு. புயல் நாளில் கதவை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டியதும் பூட்டுத்தான். வேண்டிய நொடியில் வழிவிட வேண்டியதும் பூட்டுத்தான். இவ்விரண்டில் பின்னதை நாம் அறவே மறந்துவிடுகிறோம்.

காஞ்சிபுரம் கடலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. புயலெல்லாம் சென்னைக்கும் நாகைக்கும் உரியவை, நமக்கு வருவது மழை மட்டுமே என்று பேசுவோர் எங்கள் ஊரில் உண்டு. கரை கடந்த புயல் அங்கேயே கரைந்துவிடுவதில்லை. நிலத்தின் மேல் நகர்ந்து படிப்படியாகத்தான் வலிமை இழக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தை ஒரு பள்ளிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். அக்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 55 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். பத்தடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள கடை ஷட்டரின் மேல் நான்கு குவிண்டால் பாரம் சாய்வதாகும் அது. காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்க.

காந்தி சாலையில் உள்ள பட்டுக் கடைகளுக்கெல்லாம் இன்று சுருட்டி ஏற்றும் ஷட்டர்களே கதவு. அதன் தகடுகள் இருபுறத்து இரும்புக் காடிகளுக்குள் ஓடுகின்றன. அடியில் இடமும் வலமுமாக இரண்டு பூட்டுகளுக்கு இடம் உண்டு. அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பூட்டிவிட்டுச் செல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. திருட்டுக்கு அது போதும் என்பர், காற்றுக்குப் போதாது. பூட்டாத மூலையின் அடியில் காற்று நுழைந்தால் ஷட்டர் உப்பி அதிர்கிறது. அதிர அதிரத் தகடு காடியை விட்டு வெளிவருகிறது. பிறகு பூட்டு பூட்டியபடியே இருக்கும், கதவுதான் இராது. ஆகவே இரு புறமும் பூட்டுதல் வேண்டும். நாதாங்கி பதித்த சிமெண்டு பெயர்ந்திருந்தால் பூட்டு எத்தனை உறுதியாயினும் பயனில்லை.

இனிப் பூட்டின் உள்ளே செல்வோம். தமிழர்க்குப் பூட்டு என்றதும் நினைவுக்கு வருவது திண்டுக்கல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டு கையால் செய்யப்படுவது. அதன் வயிற்றில் லீவர் எனப்படும் தகடுகள் சில அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சாவியின் பல் தூக்கவேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராது. ஆதலின் ஒரு நூலளவு துருவோ, உறைந்த எண்ணெய்ப் பிசுக்கோ போதும். நல்ல சாவியும் அயலான் சாவி போல் ஆகிவிடும்.

பிசுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் கையிலிருந்தே. பூட்டு முரண்டுபிடித்தால் நாம் தேடுவது தேங்காயெண்ணெய். அன்றைக்கு அது வேலை செய்யும். பின்னர் தெருப்புழுதியோடு கலந்து களியாகும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். புழுதியோடு களியாகும் வகையில் விளக்கெண்ணெயும் கடலையெண்ணெயும் அதற்குத் தம்பிகளே. வெளியே மழை படும் பூட்டுக்குத் தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும். வீட்டின் உள்ளே, தறி இருக்கும் அறைப் பூட்டுக்கு அதுவும் வேண்டா. சாவியில் ஒட்டிய எண்ணெய் விரலுக்கு வந்து, விரலிலிருந்து பட்டுக்குப் போனால் பல நாள் உழைப்பில் கறை விழும் என்பதை நெசவாளர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பென்சில்தான் மருந்து. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று இன்னும் சில பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது களிமண் கலந்த கிராஃபைட் என்னும் கரி. மென்மையான பென்சிலைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து, நான்கைந்து முறை நுழைத்துத் திருப்பினால் பூட்டு இணங்கும். கறையும் இல்லை, புழுதியும் ஒட்டாது.

ஷட்டரின் அடிப்பூட்டுக்கு இன்னொரு பகை உண்டு. தெருவுக்குப் புதுச்சாலை இடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே இட்டுச் செல்கிறார்கள். தெரு உயர, வாசற்படி தாழ்கிறது. ஒருகாலத்தில் நீர் எட்டாத பூட்டு இன்று சிறுமழைக்கே மூழ்குகிறது. மூழ்கிய பூட்டை உலர்த்தாமல் விட்டால் அடுத்த வாரம் சாவி உள்ளேயே முறியும். முறியும் முன் அது எச்சரிக்கை தராமலும் இல்லை. ஆட்டி அசைத்துத் திருப்ப வேண்டியிருக்கிறதா? ஷட்டரைக் காலால் தூக்கிப் பிடித்தால்தான் நடுத்தாழ் பொருந்துகிறதா? பின்னது பூட்டின் குற்றமன்று. வளைந்த தகட்டின் குற்றம். தகட்டை நிமிர்த்தாமல் பூட்டை மாற்றுவது வீண்செலவு.

மாற்றுச்சாவி செய்பவர் தேய்ந்த சாவியைப் பார்த்தே அரம் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே புதிய சாவிக்கு வந்துவிடும். படியெடுத்த ஓலையைப் பார்த்து மறுபடி எடுக்கும்போது பிழை பெருகுமே, அது போன்றது. பூட்டு வாங்கிய நாளில் உடன் வந்த இரண்டாம் சாவியைப் பழகாமல் வைத்திருந்து, அதையே மாதிரியாகக் கொடுக்க வேண்டும். சாவியைத் தொலைத்தவர் மாற்றுச்சாவி செய்து அமைவதும் சரியன்று. தொலைந்தது யார் கையில் இருக்கிறது என்பது தெரியாதன்றோ? பூட்டையே மாற்றுக. சாவிக்குத் தாழக்கோல் என்பது பழம்பெயர். தாழும் கோலும் சேருமிடத்தில் அக்குச் சாரியை வரும் என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. இலக்கணத்துக்குள் இடம்பெற்ற பொருளை ஆணியில் மாட்டி மறந்துவிடுகிறோம்.

அந்த ஆணி எந்த ஊரில் இருக்கிறது என்பதும் கேள்வி. 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளக்காடாகிச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. கடை காஞ்சியிலும் முதலாளி வீடு சென்னையிலுமாக இருந்தால், கீழ்த்தட்டில் அடுக்கிய சேலைகளை மேலே ஏற்ற எவர் திறப்பார்? நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், நடந்து வரும் தொலைவில், இரண்டாம் சாவி இருத்தல் வேண்டும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் நிலைமை வேறு. குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் பாவு கெடும். அது பொருள் நட்டம். இரவில் உட்பக்கம் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள் ஒளித்து வைப்பவர்க்கோ உயிருக்கே இடர். மின்கம்பி அறுந்து வாசலில் நீரும் ஏறினால் கொல்லைப்புறமாக வெளியேற நேரம் கிடைப்பது அரிது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபின், வெளியேறும் வழியைப் பற்றி நினைக்காமல் ஒரு கதவைப் பூட்ட எனக்கு மனம் வந்ததில்லை.

புயலறிவிப்பு வந்தால் பள்ளிக்கூடங்களே நிவாரண முகாம்கள் ஆகின்றன. குடிசை இழந்தவர்கள் நனைந்த பிள்ளைகளோடு நள்ளிரவில் வந்து நிற்பர். தலைமையாசிரியர் அயலூரில் உறங்குவார். நான் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் மழைக்காலம் முழுதும் ஒரு சாவிக்கொத்து பள்ளிக்கு அடுத்த வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தேன். அறை எண் பொறித்த மரவில்லை ஒவ்வொரு சாவிக்கும் உண்டு. மக்கள் உள்ளே படுத்திருக்கும்போது வெளியில் பூட்டுப் போடக்கூடாது என்பதும் எழுதாத விதியாக இருந்தது.

புயலில் முதலில் போவது மின்சாரம். ஆதலின் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை உங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து பாருங்கள். வண்ண அடையாளம் இருட்டில் பயன்படாது, முடிச்சு பயன்படும். முன்கதவுச் சாவிக்கு ஒரு முடிச்சு, கொல்லைக் கதவுக்கு இரண்டு, கம்பிக்கதவுக்கு மூன்று என்று நூல் கட்டி, பத்து வயதுப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் மாட்டுக. அதற்கு வேண்டிய கழிவு நூல் எங்கள் ஊரில் எந்தத் தறியடியிலும் கிடைக்கும்.