விடுமுறை இல்லாத நாயகியர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘காதல் புதினம், குடும்பம், எழுத்து வாழ்க்கை’ என்னும் தலைப்பில் நான் பேசப் போவதாக அழைப்பிதழில் கண்ட கவிஞர் ஒருவர், “அம்மையார் இந்த முறை சற்று இளைப்பாறுகிறீர்கள் போலும்” என்றார். அவர் சொன்னதில் தீங்கில்லை. பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடி வருகிறோம். சங்கச் செய்யுள், பாரதி, புதுக்கவிதை, நாட்டார் வழக்கு, மொழிபெயர்ப்பு என்று எத்தனையோ பொருள் பற்றிப் பேசியிருக்கிறோம். ஆனால் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் வாரந்தோறும் காத்திருந்து படித்த தொடர்கதைகளைப் பற்றி ஒரு கூட்டமும் நடத்தியதில்லை. அந்தப் பேச்சு நமக்கு இளைப்பாறுதலாகத் தோன்றுகிறது. அதைப் படித்தவர்களுக்கு அது இளைப்பாறுதலாக இருந்ததா என்பதே இன்றைய என் கேள்வி.

என் ஆச்சியிடமிருந்து தொடங்குகிறேன். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். அகப்பாடலில் எவர் பெயரையும் சுட்டுதல் ஆகாது என்பது நம் இலக்கண மரபு. அந்த மரபை ஆச்சிக்கும் உரியதாக்கிக் கொள்கிறேன்.

ஆச்சி வீடு கல்லிடைக்குறிச்சியில். கோடை விடுமுறை விட்டதும் நாங்கள் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் அங்கே சென்று இறங்குவோம். காலையில் பொருநையில் குளியல், பகலில் மாம்பழம், இரவில் தெருத் திண்ணையில் கதை. எங்களுக்கு அது விடுமுறை. ஆச்சிக்கு அந்த இரண்டு மாதங்களில் அடுப்பு அணைந்ததில்லை. ஐந்து பேருக்கு உலை வைத்த கை பதினெட்டுப் பேருக்கு வைத்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாரும் உண்டு, ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பட்டாசாலைத் தூணில் சாய்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்வாள். நான்கு மணிக்குக் காப்பிக்கு எழ வேண்டும். இடைப்பட்ட அந்த நேரத்தில் அவள் கையில் ஒரு பைண்டு புத்தகம் இருக்கும்.

இங்குள்ள மூத்தவர்களுக்கு அந்தப் புத்தகங்களை விளக்க வேண்டியதில்லை. வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, கடையில் கொடுத்துக் காலிக்கோ அட்டை போட்டு வாங்கியவை அவை. ஒரு பக்கத்தில் நாயகி கண்ணீர் விடுவாள். மறுபக்கத்தில் சோப்பு விளம்பரமும் பாதி நகைச்சுவைத் துணுக்கும் இருக்கும். ஆச்சியின் மரப்பெட்டியில் அத்தகைய நூல்கள் பதினான்கு இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ‘லட்சுமி’ எழுதியவை.

லட்சுமி என்னும் புனைபெயருக்கு உரியவர் மருத்துவர் திரிபுரசுந்தரி. 1921-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் தொட்டியம் பகுதியில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்றபோது வீட்டில் பணமுடை ஏற்பட்டது. படிப்பு நின்றுவிடும் நிலை. ஆனந்த விகடன் ஆசிரியர் வாசன் அவர்களை அணுகி எழுத வாய்ப்புக் கேட்டார். கதைகள் வெளிவந்தன, கிடைத்த ஊதியத்தில் படிப்பு முடிந்தது. பிணவறையிலும் நோயாளர் கூடத்திலும் பகலைக் கழித்த ஒரு மாணவி, விடுதி அறையில் இரவு விழித்துக் காதல் கதை எழுதினாள். அந்தக் கதை அவளை மருத்துவராக்கிற்று. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் அவருக்கு ஒரு வரி ஒதுக்குகின்றன. இந்தச் செய்தி அந்த வரிக்குள் அடங்குவதில்லை.

ஆங்கில எழுத்தாளர் வெர்ஜீனியா வுல்ஃப், பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குப் பணமும் தனியறையும் வேண்டும் என்று 1929-இல் எழுதினார். அந்த வாதத்தை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். லட்சுமியின் வாழ்க்கை அதைத் தலைகீழாக நிறுத்துகிறது. பணம் இருந்ததால் எழுதியவர் அல்லர் அவர். பணம் இல்லாததால் எழுதியவர்.

‘பெண் மனம்’, ‘மிதிலா விலாஸ்’, ‘காஞ்சனையின் கனவு’ என அவருடைய புதினங்கள் வீடுதோறும் நுழைந்தன. ‘காஞ்சனையின் கனவு’ 1952-இல் ‘காஞ்சனா’ என்றும், ‘பெண் மனம்’ 1963-இல் ‘இருவர் உள்ளம்’ என்றும் திரைப்படங்களாயின. மணமாகித் தென்னாப்பிரிக்கா சென்ற அவர், அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தார். கணவரை இழந்தபின் தமிழகம் திரும்பினார். ‘ஒரு காவிரியைப் போல’ என்னும் புதினத்திற்காக 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1987-இல் மறைந்தார். தம் வாழ்க்கையைத் தாமே எழுதியபோது அதற்கு அவர் இட்ட பெயர் ‘கதாசிரியையின் கதை’. மருத்துவரின் கதை என்றோ மனைவியின் கதை என்றோ அவர் பெயரிடவில்லை என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். பிறந்த மண்ணின் ஆற்றைக் கடல் கடந்தும் சுமந்து சென்று, கடைசியில் ஒரு நூலின் தலைப்பாக இறக்கி வைத்தவர் அவர். பொருநைக் கரையில் பிறந்து வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

அவருக்கு முன்னோடி வை.மு. கோதைநாயகி அம்மாள். ஆறு வயது நிரம்புமுன் மணம் செய்விக்கப்பட்டவர். முறையாக எழுதப் பழகுமுன்னரே கதை சொல்லப் பழகியவர். ‘இந்திரமோகனா’ என்னும் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் ஏட்டில் எழுதினார். 1924-இல் அது நூலாயிற்று. பின்னர் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தினார். விடுதலைப் போரில் சிறை சென்றார். நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்கள் எழுதினார். கூட்டுக் குடும்பத்தின் உள்ளறைகளை எழுதிய அநுத்தமாவும் இந்த நிரையில் வருபவரே. பிற்காலத்தில் ரமணிசந்திரன் வாடகை நூலகங்களின் அரசியாக விளங்கினார்.

இவர்களைக் காதல் கதாசிரியைகள் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தொல்காப்பியம் அகவாழ்வைக் களவியல் என்றும் கற்பியல் என்றும் இரண்டாகப் பகுத்தது. மேலைநாட்டுக் காதல் புதினம் பெரும்பாலும் திருமண மணி ஒலிப்பதோடு முடிந்துவிடும். அது களவியலோடு நின்றுவிடும் கதை. லட்சுமி, அநுத்தமா போன்றோரின் பார்வையோ கற்பியல் மீது பதிந்தது. மாலை சூடிய மறுநாள் காலை அந்தப் பெண் யார் வீட்டுச் சமையற்கட்டில் நிற்கிறாள், நாத்தனார் என்ன சொன்னாள், கணவன் ஏன் பேசவில்லை, அவள் படித்த படிப்பு என்னவாயிற்று என்னும் வினாக்கள் அங்கேதான் எழுகின்றன. சங்கத் தலைவியின் ஊடலைப் போற்றும் நாம், அதே ஊடல் வார இதழில் வந்தால் ‘குடும்பக் கதை’ என்று ஒதுக்குவது எந்த இலக்கணத்தின்படி?

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் இது ஆய்வுரை ஆகாது, புகழுரை ஆகிவிடும். இந்த வகைக் கதைகளில் நாயகி பெரும்பாலும் அழகியாகவே இருக்கிறாள். ஆடவன் செய்த பிழையைப் பெண்ணின் பொறுமை கழுவுகிறது. ஏழை வீட்டுப் பெண்ணின் துன்பம் செல்வர் வீட்டுப் படியேறியதும் தீர்ந்துவிடுகிறது. வேலைக்காரியின் துன்பம் தீர்வதே இல்லை. தியாகம் என்னும் சொல் அளவுக்கு மீறிப் புழங்குகிறது. இவற்றையெல்லாம் ஆச்சியும் அறிந்தேயிருந்தாள். “எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டே இருந்தா முதுகு கூனிப் போகும்டி” என்று நாயகியை நோக்கிப் புத்தகத்திற்குள்ளேயே பேசுவாள். வாசகி விமர்சகியாக மாறும் இடம் அது. நாம் அதைக் கேட்கவில்லை; குறித்து வைக்கவும் இல்லை.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

ஆச்சியின் பைண்டு புத்தகம் ஒன்றில் ஒரு வாரம் இல்லை. இதழை இரவல் வாங்கிச் சென்றவர் திருப்பித் தரவில்லையாம். முதல் பக்கமும் போய்விட்டதால் கதையின் பெயரும் தெரியாது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அதைப் படித்தேன். விட்டுப்போன இடம் வந்ததும், “இந்த வாரம் என்ன நடந்தது ஆச்சி?” என்று கேட்டேன்.

ஆச்சி சிறிதும் தயங்காமல் சொன்னாள்: “அந்த வாரம் அவ பொறந்த வீட்டுக்குப் போனா. நாலு நாளு. அவ அம்மை எண்ணெய் தேய்ச்சு விட்டா. ஆத்துல போயிக் குளிச்சா. மதியம் சாப்பிட்டுட்டுப் பாய விரிச்சுப் படுத்துத் தூங்குனா. ஒருத்தரும் எழுப்பல.”

“வேறு ஒன்றும் நடக்கவில்லையா?”

“ஏட்டி, தூங்குனான்னு சொல்லுதேன்லா. அதுக்கு மேல என்ன நடக்கணும்?”

ஆண்டுகள் பல கழிந்தன. ஆச்சி மறைந்தாள். ஆசிரியப் பணிக்கு வந்தபின் ஒரு நாள், நூலகத்தில் லட்சுமியின் புதினம் ஒன்றைப் புரட்டியபோது அதே கதை கையில் அகப்பட்டது. நின்றபடியே அந்த அதிகாரத்தைத் தேடிப் படித்தேன். பிறந்த வீடு இல்லை, எண்ணெய்க் குளியல் இல்லை, உறக்கம் இல்லை. நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. தொடர்கதை என்றால் வாரம் ஒரு திருப்பம் வேண்டும். நாயகியை ஓய்வெடுக்க விட்டால் அடுத்த இதழை யார் வாங்குவார்கள்? எழுதியவருக்கும் ஓய்வில்லை, எழுதப்பட்டவளுக்கும் ஓய்வில்லை. படித்தவள் ஒருத்திதான் அந்த நாயகிக்கு நான்கு நாள் விடுமுறை கொடுத்தாள். தனக்கு ஒரு நாளும் கிடைக்காததை எடுத்துக் கொடுத்தாள்.

முனைவர்ப் பட்டத்திற்கு நான் முதலில் கேட்ட தலைப்பு, பெண் எழுத்தாளர்களின் தொடர்கதைகள் பற்றியது. “இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார் ஒரு பேராசிரியர். நானும் மறுத்துப் பேசாமல் சங்க அகப்பாடல்களில் தோழி கூற்று என்று தலைப்பை மாற்றிக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தோழியை அறிந்ததால்தான் ஆச்சியை அறிந்தேன். அறத்தொடு நிற்கும் தோழி நடந்ததை மட்டும் சொல்பவள் அல்லள். தலைவிக்கு நன்மை விளையுமென்றால், ஆற்று வெள்ளத்தில் அகப்பட்டவளை அவன் காத்தான் என்று ஒரு நிகழ்ச்சியைப் படைத்தும் சொல்வாள். புனல்தரு புணர்ச்சி என்று அதற்குப் பெயரிட்டு உரை எழுதி வைத்திருக்கிறோம். ஆற்றங்கரையில் பிறந்த என் ஆச்சி புனல்தரு உறக்கம் ஒன்றைப் படைத்தாள். அதற்குத்தான் உரையாசிரியர் இல்லை.

விடுமுறை என்றதும் நம் ஊருக்குக் குற்றாலம் நினைவுக்கு வரும். இரசிகமணி டி.கே.சி. அங்கே வாழ்ந்தபோது இராஜாஜி, கல்கி போன்றோர் வந்து தங்கி, சாரலில் நனைந்து, கம்பனைச் சுவைத்து, விருந்துண்டு மகிழ்ந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்த வட்டத்தொட்டி மரபின் வழித்தோன்றல்கள் என்றே நம்மையும் கருதிக்கொள்கிறோம். கவிதை சுவைத்தவர்களின் பெயர்களைச் சொல்லும் நாம், இட்டலிக்கு மாவாட்டியவர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களை உருகி உருகிப் படித்திருக்கிறோம். கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவர் என்பதை வைத்து எத்தனை கூட்டம் நடத்தினோம்? இன்றும் சாரல் தொடங்கியதும் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போகிறோம். அருவியில் அரை மணி நேரம் நிற்கும் பெண், அதற்கு முன் புளியோதரை கட்டி, அதற்குப் பின் அத்தனை பேர் ஈரத்துணியையும் பிழிந்து உலர்த்துகிறாள். ஊர் திரும்பியதும், “சீசன் எப்படி?” என்று அவளைத்தான் கேட்கிறோம்.

நானும் இதற்கு விலக்கல்லேன். இந்த வட்டம் தொடங்கிய ஆண்டில் நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பிறகு நின்றுவிட்டது. எவரும் தடுக்கவில்லை, என் கணவர் ஒருநாளும் தடை சொன்னவர் அல்லர். விடைத்தாள், மாமியாரின் மருந்து வேளை, பிள்ளையின் தேர்வு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு திருப்பம் வந்தது. தொடர்கதை நாயகியைப் போல நானும் அடுத்த வாரத்திற்குப் போய்க்கொண்டே இருந்தேன். இதை வருத்தமாகச் சொல்லவில்லை, சான்றாகச் சொல்கிறேன்.

ஆகவே, பத்தாண்டு நிறைந்த இந்த நல்ல நாளில் வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் கூட்டம் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. வீட்டில் விளக்கேற்றி இரவு உணவுக்கு ஆயத்தம் செய்யும் வேளை அது. நம் உறுப்பினர் பதிவேட்டில் பெண்களின் பெயர்கள் உள்ளன. நாற்காலிகளில் அவர்கள் இல்லை. ஆர்வமின்மை என்று அதற்குக் காரணம் கற்பித்திருக்கிறோம். மூன்று மாதத்திற்கு ஒரு கூட்டத்தையாவது பிற்பகல் இரண்டு மணிக்கு வையுங்கள். அதுவே ஆச்சிகளின் நேரம்.

இரண்டு: அந்தக் கூட்டத்தில் நாம் பேச வேண்டாம். அறுபது வயது கடந்த வாசகியர் வந்து, தாம் படித்த கதைகளைத் தம் வாய்மொழியில் சொல்லட்டும். அதை ஒலிப்பதிவு செய்வோம். அவர்கள் சொல்லும் கதை அச்சு நூலோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டாம். எங்கே மாறுகிறதோ அங்கே ஓர் ஆசிரியை இருக்கிறாள். பெட்டிகளில் செல்லரிக்கும் பைண்டு புத்தகங்களையும் கேட்டு வாங்கிச் சேர்ப்போம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பொருநைக் கரை வீடுகளிலிருந்து என்னென்னவோ போயின. இனியும் காத்திருப்பதற்கில்லை.

என்னைக் கேலி செய்த கவிஞர் நண்பருக்கு ஒரு சொல். இளைப்பாறுகிறீர்களா என்று கேட்டீர்கள். இளைப்பாறுவது எளிய செயலாக இருந்திருந்தால், அதை ஒரு கதைக்குள் ஒளித்து வைத்துப் பேத்தியிடம் சொல்லியிருக்க மாட்டாள் என் ஆச்சி.